விமானத்துக்குப் பச்சை எண்ணெய். ஏழைக்குப் பச்சைத் தண்ணீரா?



பொழிச்சலூரில் தெருமுனைக் கூட்டம். மாலை ஆறு மணி. நாம் பேச ஆரம்பித்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, தலைக்கு மேலே விமானம்! தகரக் கூரைகள் அதிர்கின்றன. ஒலிபெருக்கி தோற்றுப் போகிறது. விமானம் போகிற வரையில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறோம். மறுபடி பேச்சு. மறுபடி விமானம். இந்த ஊரில் கூட்டம் போடுகிறவனுக்கு இது எப்போதாவது வரும் தொல்லை. இந்த ஊரில் பிள்ளையைத் தூங்க வைக்கிற தாய்க்கோ இது தினசரிச் சண்டை.

அந்தக் கூட்டத்தில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மில் தொழிலாளி ஒருவர் எழுந்து கேட்டார்: “ஏன் தம்பி, இனிமே ஏரோப்ளேனுக்குக் காட்டாமணக்கு எண்ணெயும், பஜ்ஜி சுட்ட எண்ணெயும் ஊத்தப் போறாங்களாமே! அதனாலே புகை குறையும், வெள்ளம் வராதுன்னு டிவியிலே சொல்றான். நெசமா, இல்லே இதுவும் ஏமாத்தா?”

நல்ல கேள்வி. அவருக்கு அன்று இரண்டு நிமிஷத்தில் பதில் சொன்னோம். அது போதாது. மில் தொழிலாளிகளும் விவசாயத் தொழிலாளிகளும் இந்த விஷயத்தை முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால், எண்ணெய் எரிவது ஆகாயத்திலே. அதன் விலையை யார் தலையில் கட்டுவது என்ற வழக்கோ நம்முடைய வயலிலும் நம்முடைய ரேஷன் கடையிலும் நடக்கிறது!

எரிவது என்ன?

விமானத்தில் எரிவது தேவாமிர்தம் அல்ல. நம் வீட்டு ஸ்டவ்வில் எரிந்த மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய உறவு, இன்னும் சுத்தம் செய்யப்பட்டது, அவ்வளவுதான். மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து குழாய் வழியாக மீனம்பாக்கத்துக்கு வருகிறது. ரேஷன் கடையில் தம்பிக்கு வரவர வறட்சி. ஆகாயத்தில் அண்ணனுக்கு நாளுக்கு நாள் செழிப்பு!

இந்த எண்ணெய் ஒரு கிலோ எரிந்தால் 3 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. எண்ணெயிலுள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேருவதால் எடை இப்படிக் கூடுகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பூமிக்கடியில் புதைந்து கிடந்த கரி அது. அதைத் தோண்டியெடுத்துக் காற்றில் சேர்த்தால் பூமி சூடேறுகிறது, கடல் சூடேறுகிறது, மழை தவறுகிறது, பெய்தால் கொட்டித் தீர்க்கிறது.

பச்சை எண்ணெய் என்று இவர்கள் சொல்வது என்ன? செடியிலிருந்தோ, கொழுப்பிலிருந்தோ, பொரித்து மிஞ்சிய எண்ணெயிலிருந்தோ, சாராயத்திலிருந்தோ அதே குணமுள்ள விமான எண்ணெயைச் செய்வது. எரியும்போது இதுவும் புகைதான் கக்கும். ஆனால் செடி போன வருஷம் காற்றிலிருந்து எடுத்த கரியை இந்த வருஷம் காற்றுக்குத் திருப்பித் தருவது வேறு, புதைந்து கிடந்ததைத் தோண்டிச் சேர்ப்பது வேறு. மெய்யான கழிவிலிருந்து செய்தால், தோண்டியெடுத்த எண்ணெயோடு ஒப்பிட 80 சதவீதம் வரைகூடக் கேடு குறையலாம் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு.

இதை நாம் மறுக்கவில்லை. இன்னும் ஒன்றும் சொல்கிறோம். இந்த எண்ணெயைப் பாதிக்குப் பாதி கலந்து பறந்தபோது இஞ்சினிலிருந்து வரும் கரித்தூள் 50 முதல் 70 சதவீதம் குறைந்தது என்று அமெரிக்க விண்வெளி ஆராய்ச்சி நிலையமான நாசாவின் விஞ்ஞானிகள் 2017ல் எழுதினார்கள். விமானம் இறங்கும் பாதையின் கீழே குடியிருக்கிற பொழிச்சலூருக்கும் பம்மலுக்கும், விமானத்தின் வாலடியில் நின்று மூட்டை ஏற்றுகிற தொழிலாளிக்கும் இது சின்ன விஷயமா? சத்தம் குறையாது, ஆனால் மூச்சுக்கு நல்லது. ஆகவே நாம் இந்த எண்ணெய்க்கு விரோதிகள் அல்ல!

பிறகு எதற்கு விரோதி? கேளுங்கள்.

குற்றம் யாருடையது, தண்டனை யாருக்கு?

2015 டிசம்பரை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறக்க முடியுமா? தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து 29,000 கன அடித் தண்ணீர். அடையாறு கரை புரண்டது. விமான நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்து பல நாள் மூடிக் கிடந்தது. ஆற்றங்கரைக் குடிசைகள் போன இடம் தெரியவில்லை. விமானங்கள் மறுபடி பறந்தன. அரிசிப் பானையும், பிள்ளைகளின் பள்ளிப் புஸ்தகமும், ரேஷன் கார்டும் ஆற்றோடு போனவர்களின் வாழ்க்கை மறுபடி எழ எத்தனை வருஷம் ஆயிற்று! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். மறுபடியும் விமான நிலையம் மூடல், மறுபடியும் நம் தெருக்களில் வெள்ளம்.

அந்த ஒரு மழைக்கு விமானப் புகைதான் காரணம் என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். ஏரியையும் கால்வாயையும் தூர்த்தவர்களின் குற்றமும் அதில் உண்டு. ஆனால் சூடேறும் பூமியில் இப்படிப்பட்ட பேய் மழைகள் பெருகும் என்பது விஞ்ஞானம் நிரூபித்த உண்மை. பூமியைச் சூடேற்றுவதில் விமானத்துக்குப் பங்கு உண்டு என்பதும் உண்மை.

அந்தப் பங்கு யாருடையது? 2018ஆம் வருஷத்துக் கணக்கு ஒன்று இருக்கிறது. அந்த வருஷம் உலக ஜனங்களில் விமானத்தில் ஏறியவர்கள் அதிகம் போனால் 11 சதவீதம். பிரயாணிகள் விமானங்கள் கக்கிய புகையில் பாதிக்குக் காரணம் யார்? உலக ஜனத்தொகையில் வெறும் 1 சதவீதம் பேர்! நூறு பேரில் ஒருவன் புகை விடுகிறான், தொண்ணூற்றொன்பது பேர் இருமுகிறார்கள்!

முதல் நாடகம்: காட்டாமணக்கு

2003ல் டில்லியில் திட்டக் கமிஷன் நியமித்த கமிட்டி ஒரு யோசனை சொன்னது. தரிசு நிலத்தில் காட்டாமணக்குப் போடு, அதன் எண்ணெயை டீசலில் கல, 2012க்குள் 20 சதவீதம் கலந்துவிடலாம் என்றது. தமிழ்நாட்டிலும் பிரசாரம் பறந்தது. தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஆடு மாடு மேயாது, போட்டால் பணம் என்றார்கள்.

நடந்தது என்ன? தண்ணீர் ஊற்றாத செடி காய்க்கவில்லை. தண்ணீர் ஊற்ற முடிந்த நிலத்திலோ கடலை போட்டிருந்தால் சோறாவது கிடைத்திருக்கும். ஆடு மேயாது என்பது மட்டும் நூற்றுக்கு நூறு உண்மை. ஏனென்றால் அது விஷம்! ஆட்டுக்குத் தழை கிடைத்த புறம்போக்கு நிலத்துக்கு ‘தரிசு’ என்று பெயர் வைத்தவன் கோப்பு எழுதுகிற உத்தியோகஸ்தன். மேய்க்கிறவனுக்கு அது தரிசு அல்ல, பிழைப்பு. விதை கொடுத்தவர்கள் காணாமல் போனார்கள். செடியைப் பிடுங்கிப் போட்ட கூலி விவசாயியின் கணக்கில்.

2009ல் மறுபடி ஒரு தேசியக் கொள்கை: 2017க்குள் 20 சதவீதம் என்றது. 2018ல் இன்னொரு கொள்கை: 2030க்குள் 5 சதவீதம் போதும் என்றது. இருபது ஐந்தாகச் சுருங்கியதே, அதற்குள் மண்ணிலே தோற்றவன் எத்தனை பேர் என்று எந்தக் கொள்கையும் கணக்குச் சொல்லவில்லை.

அதே 2018 ஆகஸ்ட் 27ல் டேராடூனிலிருந்து டில்லிக்கு ஸ்பைஸ்ஜெட் கம்பெனியின் விமானம் ஒன்று காட்டாமணக்கு எண்ணெய் கலந்து பறந்தது. எண்ணெயைச் செய்தது டேராடூனிலுள்ள அரசாங்க ஆராய்ச்சிக்கூடம். விதை சத்தீஸ்கர் விவசாயிகளுடையது. நம் விஞ்ஞானிகளின் திறமைக்குத் தலை வணங்குகிறோம்! டில்லியில் மந்திரிகள் மாலையோடு நின்றார்கள், படம் எடுத்தார்கள். படம் எடுத்த பிறகு காட்டாமணக்குச் செடியை யார் நினைத்தார்கள்?

இரண்டாவது நாடகம்: அரிசி

இப்போது பேச்சு சாராயத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது. எத்தனால் என்ற அந்தச் சாராயத்தைப் பெட்ரோலில் 20 சதவீதம் கலக்கும் இலக்கை 2025ல் எட்டியாயிற்று. ஆலை மேல் ஆலையாகக் கட்டிய முதலாளிகளுக்கு அடுத்த சந்தை வேண்டும். எங்கே சந்தை? ஆகாயத்தில்! சாராயத்தை விமான எண்ணெயாக மாற்றும் வழி இருக்கிறது. கரும்பும் அரிசியும் மக்காச்சோளமும் அந்த வழியில் மேலே ஏறக் காத்திருக்கின்றன.

‘உபரி அரிசிதானே’ என்கிறார்கள். சரி, அந்த உபரியின் கதையைச் சொல்வோம்.

2023 ஜூனில் கர்நாடக சர்க்கார் ஏழைகளுக்குக் கூடுதலாகக் கொடுக்க அரிசி கேட்டது. இனாமாக அல்ல, கிலோ 34 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்றது. மாநிலங்களுக்கு விற்பதில்லை என்று மத்திய சர்க்கார் கதவைச் சாத்தியது. அரிசி கிடைக்காத கர்நாடகம், ஆளுக்கு 5 கிலோவுக்குப் பதில் மாதம் 170 ரூபாய் பணமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இரண்டு வருஷம் கழியவில்லை. 2024-25ல் அதே மத்திய சர்க்கார் சாராய ஆலைகளுக்கு 52 லட்சம் டன் அரிசியை ஒதுக்கியது. விலை என்ன? கிலோ 22 ரூபாய் 50 காசு! கிடங்கு நிரம்பிவிட்டது, மாநிலங்களுக்கும் அப்போது அதே விலைதான் என்று சமாதானம் சொல்வார்கள். இருக்கட்டும். பசித்தவன் கேட்டபோது ‘கையிருப்பு குறையும், விலை ஏறும்’ என்ற நியாயம், ஆலைக்காரன் கேட்டபோது எந்தப் பரண்மேல் ஏறி ஒளிந்துகொண்டது?

இன்று நம் நாட்டில் அரிசியை எரித்து விமானம் ஓடவில்லை. அது உண்மை. நாளை ஓடினால் என்ன கணக்கு என்று பார்ப்போம். ஒரு கிலோ அரிசியில் அரை லிட்டருக்கும் குறைவாகத்தான் சாராயம் வரும். ஒரு லிட்டர் விமான எண்ணெய்க்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் சாராயம் வேண்டும். ஆகவே லிட்டருக்கு மூன்றரைக் கிலோ அரிசிக்குக் குறையாது. சென்னையிலிருந்து டில்லிக்குப் போகிற சாதாரண விமானம் மணிக்கு ஏறத்தாழ 3,000 லிட்டர் எரிக்கிறது. முழுக்க அரிசி எண்ணெயிலே பறந்தால் மணிக்கு 10 டன் அரிசி! மாதம் 20 கிலோ வாங்குகிற குடும்பங்கள் 500 பேருடைய ஒரு மாதச் சோறு, ஒரே மணி நேரத்தில் புகை!

பாதிக்கு மேல் கலக்க இன்று அனுமதியில்லை என்பார்கள். நல்லது, 250 குடும்பங்களின் சோறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மனசு ஆறுகிறதா? நாற்று நட்டவள் யார்? களை பறித்தவள் யார்? சேற்றில் நின்றவளின் தட்டிலிருந்து எடுத்து மேகத்தில் எரிப்பதற்கு ‘நிலைத்த எரிபொருள்’ என்று பெயரா? எது நிலைத்தது? அவளுடைய பசிதானே!

நல்ல வழியும் அதிலுள்ள திருட்டும்

வேறு வழி இல்லையா? இருக்கிறது. பொரித்து மிஞ்சிய எண்ணெய். பெரிய ஓட்டல்களும் தின்பண்ட ஆலைகளும் தினமும் மிச்சம் வைக்கிற கருகிய எண்ணெய் இன்று எங்கே போகிறது? ஒரு பகுதி சாக்கடைக்கு. இன்னொரு பகுதி மலிவு விலையில் சின்னக் கடைகளுக்கு. அங்கே மறுபடி கொதித்து, ஷிப்டு முடிந்து வருகிற தொழிலாளியின் வயிற்றுக்குள் போகிறது! கெட்டுப்போன எண்ணெயில் சமைக்கக் கூடாது என்ற விதி 2018 ஜூலையிலிருந்தே அமலில் இருக்கிறது. அந்த எண்ணெயைச் சேகரித்து எரிபொருளாக்கும் திட்டமும் அதே வருஷம் வந்தது. ஹரியானாவிலுள்ள பானிபட்டில் பொதுத்துறை இந்தியன் ஆயிலின் சுத்திகரிப்பு ஆலை, இந்தப் பழைய எண்ணெயிலிருந்து விமான எண்ணெய் செய்வதற்கான சர்வதேசச் சான்றிதழை 2025ல் பெற்றது.

இது நல்ல வழி. தொழிலாளியின் குடலுக்கும் நல்லது, காற்றுக்கும் நல்லது. ஆனால் இதிலும் திருடன் நுழைவான். ஐரோப்பாவில் பழைய எண்ணெய்க்குக் கிராக்கி ஏறியபோது, புதுப் பனை எண்ணெயையே ‘பழையது’ என்று பெயர் மாற்றி விற்கிறார்களோ என்ற சந்தேகம் எழுந்தது. கருகிய எண்ணெய்க்குப் புது எண்ணெயைவிட நல்ல விலை என்றால் வியாபாரி எதைத்தான் கருக்க மாட்டான்? அதனால்தான் சேகரிப்பதும் சோதிப்பதும் தனியார் தரகன் கையில் இருக்கக் கூடாது என்கிறோம்.

இன்னொன்றும் மறக்க வேண்டாம். பழைய எண்ணெய்க்கு ஓர் அளவு உண்டு. நாடு முழுவதும் பஜ்ஜி சுட்டாலும் எல்லா விமானங்களுக்கும் போதாது. 2024ல் உலகம் முழுவதும் எரிந்த விமான எண்ணெயில் இந்தப் பச்சை எண்ணெய் 0.3 சதவீதம், ஆயிரம் லிட்டரில் மூன்றே லிட்டர்! இந்தியாவின் இலக்கு வெளிநாடு போகிற விமானங்களில் 2027ல் 1 சதவீதம், 2028ல் 2 சதவீதம். ஒரு பக்கம் நூற்றில் ஒன்று சுத்தம். மறுபக்கம் விமானங்களின் எண்ணிக்கையோ வருஷா வருஷம் ஏறுகிறது. பரந்தூரில் வருஷத்துக்குப் பத்துக் கோடிப் பிரயாணிகளுக்கு இடம் கொடுக்கும் புது விமான நிலையம் கட்ட 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் கேட்கிறார்கள். அதில் நெல் வயலும் உண்டு, ஏரியும் உண்டு. ஏகனாபுரத்து விவசாயிகள் 2022லிருந்து போராடினார்கள். ஓடுதளத்துக்கும் வயல், எண்ணெய்க்கும் வயல் என்றால் உழுகிறவன் எங்கே போவான்?

நூறு ரூபாய்க் கணக்கு

நம்மைப் பார்த்துச் சிலர் கேட்பார்கள்: ‘தொழிலாளியும்தானே விமானத்தில் போகிறான்? வளைகுடாவுக்குக் கொத்து வேலைக்குப் போகிறவன் கப்பலிலா போகிறான்?’

நியாயமான கேள்வி. அவன் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, கடன் வாங்கி, பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்க்க வருகிறான். அவனைக் குறை சொல்ல நமக்கு நா கூசுகிறது. வாரத்துக்கு நான்கு நாள் பறக்கிறவனையும், சொந்த விமானம் வைத்துக் கல்யாணத்துக்குப் போகிறவனையும் அவனோடு ஒரே தராசில் வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறோம்.

‘பச்சை எண்ணெய் விலை அதிகம், அரிசியும் நிலமும் மலிவாகக் கிடைத்தால்தான் கட்டுப்படியாகும்’ என்பது கம்பெனிகளின் கடைசி வாதம். கணக்குப் பார்ப்போம். பச்சை எண்ணெய் சாதாரண எண்ணெயைப்போல் மூன்று பங்கு விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றில் ஒரு பங்கு கலந்தால் எண்ணெய்ச் செலவு 2 சதவீதம் ஏறும். விமானக் கம்பெனியின் மொத்தச் செலவில் எண்ணெய் 40 சதவீதம் என்று வைத்தாலும், 10,000 ரூபாய் டிக்கெட்டில் ஏறுவது 80 ரூபாய். அடிக்கடி பறக்கிறவனிடம் அதிகமாகவும், எப்போதோ பறக்கிற கூலித் தொழிலாளியிடம் ஒன்றும் வாங்காமலும் இதை வசூலிக்க முடியாதா?

முடியும்! விமானத்தில் ஒரு காப்பிக்கும் ஒரு சாண்ட்விச்சுக்கும் நூறு ரூபாய்க்கு மேல் கொடுக்கிறவனால் இதைக் கொடுக்க முடியும். அவனிடம் அந்த நூறு ரூபாயைக் கேட்க மனமில்லை. அதற்காகத்தான் உழுகிறவன் மலிவாக நிலம் தர வேண்டுமாம், ரேஷன் அரிசி மலிவாக ஆலைக்குப் போக வேண்டுமாம்! தோழர்களே, இந்த விவகாரத்தின் முடிச்சு முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

நாம் கேட்பது

ஒன்று: அரிசி, மக்காச்சோளம், வேறெந்த உணவுத் தானியமும் விமான எண்ணெய்க்குப் போகக் கூடாது. சட்டம் போடு! ஐரோப்பாவின் முதலாளி சர்க்கார்களே தங்கள் சட்டத்தில் உணவுப் பயிரிலிருந்து செய்த விமான எண்ணெயை இலக்குக் கணக்கில் சேர்ப்பதில்லை. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

இரண்டு: விளைநிலமும், மேய்ச்சல் நிலமும், ஏரிப் புறம்போக்கும் எண்ணெய்ச் செடிக்கு இல்லை. ‘தரிசு’ என்று எழுதுவதற்கு முன் கிராம சபையைக் கேள்.

மூன்று: பழைய எண்ணெயைச் சேகரிக்கும் வேலையை உள்ளாட்சியும் துப்புரவுத் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களும் செய்யட்டும். நிரந்தர வேலை, நியாயமான கூலி. பொதுத்துறை ஆலைகள் சுத்திகரிக்கட்டும்.

நான்கு: செலவைப் பறக்கிறவன் கொடுக்கட்டும். சொந்த விமானக்காரனும், உயர் வகுப்பில் போகிறவனும், அடிக்கடி பறக்கிறவனும் முதலில் கொடுக்கட்டும்.

ஐந்து: கழிவிலிருந்து செய்த எண்ணெய் சென்னை விமான நிலையத்துக்கு முதலில் வரட்டும். பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூரில் காற்றிலுள்ள கரித்தூளை அளந்து, அளவைத் தமிழில் பலகையில் எழுதி வை!

ஆறு: கோயமுத்தூருக்கும் மதுரைக்கும் பெங்களூருக்கும் ஏன் பறக்க வேண்டும்? ரயிலைப் பெருக்கு. படியில் தொங்காமல் தொழிலாளி போகப் பொதுப் பெட்டிகளைச் சேர்.

அன்று கேள்வி கேட்ட மில் தொழிலாளிக்கு இதுதான் நம் பதில்: பெரியவரே, எண்ணெய் மெய்தான். அதைச் செய்கிற விஞ்ஞானமும் மெய்தான். ஏமாற்று எங்கே இருக்கிறது என்றால், அது எந்தப் பாத்திரத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. ஓட்டல் வாணலியிலிருந்து எடுத்தால் வரவேற்போம். நம் சோற்றுப் பானையில் கை வைத்தால் அந்தக் கையைப் பிடிப்போம்!

ஆலை வாசலில் இதைப் பேசுங்கள். களத்து மேட்டில் இதைப் பேசுங்கள். அடுத்த கிராம சபையில் முதல் இரண்டு கோரிக்கைகளையும் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். தலைக்கு மேலே விமானம் போகிறபோது நாம் பேச்சை நிறுத்தித்தான் ஆக வேண்டும். அது போனதும் மறுபடி பேசத்தான் வேண்டும்!